அத்தியாயம் 7: குசினிக் குழாயில் இன்னொரு வாய்

கொள்ளுப்பிட்டித் தொடர்மாடிகளில் குசினி மேடை அகலமாக அமைவது அரிது. காஸ் அடுப்பும் ரைஸ் குக்கரும் கிரைண்டரும் பிடித்த இடம் போக மிச்சமிருக்கும் மூலையில்தான் தண்ணீர் வடிகட்டி, ஆறு பேருக்குரிய பாத்திரம் கொள்ளும் சிறிய டிஷ் வொஷர், சில வீடுகளில் கோப்பி மெஷின் என்று ஒவ்வொன்றாக வந்து அமர்கின்றன. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சிறிய வீடுகளில் வொஷிங் மெஷினே குசினிக்குள் நிற்பதைப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். இருப்பது ஒரே குழாய். வாடகை வீடென்றால் சுவரை உடைத்துப் புதிய பைப் இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். அந்த ஒரு குழாயிலிருந்தே மேடையில் உள்ள சாதனங்களுக்கும் தண்ணீரைப் பிரித்துக் கொடுப்பதைப் பற்றியது இந்த அத்தியாயம்.

தண்ணீரைப் பிரிக்க மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, குழாயின் மூக்கு. அதாவது தண்ணீர் வெளியே விழும் நுனியில் உள்ள சல்லடையைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு பிரிப்பானைத் திருகுவது. இரண்டாவது, குழாயின் உடல். மூன்றாவது, குழாயின் அடி: சிங்குக்குக் கீழே அங்கிள் வால்வு இருக்கும் இடம், அல்லது சுவர்க் குழாயானால் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது மூக்கில் பொருத்தும் பிரிப்பானைத்தான். விலை குறைவு, கையாலேயே பூட்டிவிடலாம். ஆனால் நிரந்தர இணைப்புக்கு அதை வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். குழாய் எந்த இடத்தில் தண்ணீரை மூடுகிறதோ அந்த இடத்துக்கு முன்னாலேயே கிளையைப் பிரித்து, கிளைக்கென்று தனியாக ஒரு வால்வு வையுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

காரணம் இரண்டு. சாதாரணக் குழாயின் வளைந்த கழுத்து, தண்ணீர் தாராளமாக வெளியே ஓடும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. அதன் நுனியில் ஹோஸைப் பூட்டி, மறுமுனையில் இயந்திரம் தன் வால்வை மூடிக்கொண்டால், கட்டடத்தின் முழு அழுத்தமும் அந்தக் கழுத்தில் வந்து நிற்கும். கழுத்து திரும்பும் மூட்டில் இருக்கும் இறப்பர் வளையம் அதைத் தாங்கவென்று செய்யப்பட்டதல்ல. முதலில் அடியில் ஈரம் கசியும். பிறகு மேடையின் விளிம்பு வழியாகக் கீழ் அலுமாரிக்குள் இறங்கும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. சுடுநீரும் குளிர்நீரும் ஒரே நெம்பில் கலக்கும் மிக்ஸர் குழாயை நடுவில் திறந்துவைத்து அதன் வாயை அடைத்தால், உள்ளே இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று திறந்தபடி இருக்கும். அழுத்தம் கூடிய பக்கத்துத் தண்ணீர் அழுத்தம் குறைந்த பக்கத்துக்குள் தள்ளிக்கொண்டு போகும். கீசர் தண்ணீர் குளிர்நீர்ப் பைப்புக்குள் ஏறி, குளியலறைக் குழாயில் வெந்நீராக வந்து விழுவது இப்படித்தான். அது வடிகட்டிக்குள் போனால் அதற்குள் இருக்கும் மென்சவ்வு கெடும். அந்தச் சவ்வுகளில் பெரும்பாலானவை 40 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்துக்கு மேல் தாங்குவதில்லை.

வேறு நாடுகளில் இதற்கென்றே குழாய் செய்கிறார்கள். ஜெர்மனியில் சிங்க் மிக்ஸரின் உடலிலேயே பக்கவாட்டில் ஒரு சிறு திருகுபிடி வைத்த வகை பழக்கமானது. அந்தப் பிடியைத் திறந்தால் டிஷ் வொஷருக்குத் தண்ணீர் போகும், மூடினால் நிற்கும். குழாயின் நெம்பு எந்த நிலையில் இருந்தாலும் அந்தக் கிளைக்குப் பாதிப்பில்லை, ஏனென்றால் அது கலக்கும் பகுதிக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. ஜப்பானியர்கள் வேறு வழியில் போனார்கள். மேடை மீது வைக்கும் டிஷ் வொஷர் அங்கே சிறிய வீடுகளுக்கென்றே வளர்ந்த பொருள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் குழாயின் உடலைக் கழற்றி, நடுவில் ஒரு கிளை வளையத்தைச் செருகி, மறுபடி பூட்டிவிடுகிறார்கள். குழாயின் மாதிரிக்கு ஏற்ப அந்த வளையம் மாறுவதால், வாங்கும் முன் குழாயின் மாதிரி இலக்கத்தைப் பார்ப்பது அங்கே கட்டாயம். இரண்டு நாட்டாரும் வந்து சேர்ந்த முடிவு ஒன்றே: குழாய் மூடும் பகுதிக்கு முன்னால் கிளை, கிளைக்குத் தனி வால்வு.

கொழும்பில் அந்த வகைக் குழாயைத் தேடி அலையவேண்டியதில்லை. அதே வேலையை அடியில் செய்துகொள்ளலாம். சிங்குக்குக் கீழே உள்ள ஒற்றை அங்கிள் வால்வைக் கழற்றிவிட்டு இரட்டை வாய் அங்கிள் வால்வு பூட்டுவதே மிகச் சுலபமான, மிக உறுதியான வழி. ஒரு வாய் குழாய்க்கு, மற்றது சாதனத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனிப் பிடி இருக்கும் வகையாகப் பார்த்து எடுக்கவேண்டும். ஒரே பிடியால் இரண்டையும் மூடும் வகையும் கடையில் உண்டு. அதை வாங்கினால் டிஷ் வொஷரை மூடும்போதெல்லாம் குசினிக் குழாயும் நின்றுவிடும்.

சுவர்க் குழாய் உள்ள பழைய வீடுகளில், குழாயைக் கழற்றி, சுவரில் இருக்கும் மரைக்கும் குழாய்க்கும் இடையே பக்கவாய் வால்வுள்ள பித்தளை டீ ஒன்றைப் பூட்டுங்கள். குழாய் சுவரிலிருந்து ஓரிரண்டு அங்குலம் முன்னே வரும். அப்போதும் தண்ணீர் சிங்கின் நடுவில்தான் விழுமா என்று முதலில் அளந்து பாருங்கள்.

ஓல்ட் மூர் வீதியிலோ குவாரி வீதியிலோ ஹாட்வெயார் கடை ஏறும்போது கையில் பழைய வால்வைக் கொண்டுபோவது நல்லது. நம் வீடுகளின் சுவர் மரை பெரும்பாலும் பிரித்தானிய அளவில் அரை இஞ்சி. டிஷ் வொஷர், வொஷிங் மெஷின் ஹோஸ்களின் தலை முக்கால் இஞ்சி. வடிகட்டிக்கும் கோப்பி மெஷினுக்கும் வருவது கால் இஞ்சி வெள்ளை பிளாஸ்டிக் குழாய். ஆகவே, “அண்ணை, அரை இஞ்சியில் ஏறி, ஒரு பக்கம் அரை, மற்றப் பக்கம் முக்கால் வெளிமரை வாற ரெட்டை வால்வு தாங்கோ, ரெண்டுக்கும் தனிப் பிடி இருக்கவேணும்” என்று கேட்டால் கடைக்காரருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஐரோப்பாவிலிருந்து வரும் குழாய்களின் மூக்கு மரை மில்லிமீட்டரில், 22 அல்லது 24 ஆக இருக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிரிப்பான் அதில் ஒரு சுற்று ஏறி மாட்டிக்கொள்ளும். பலம் கொடுத்துத் திருகினால் மரை போய்விடும்.

அழுத்தத்தைப் பார்க்காமல் இயந்திரத்தை வாங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். இயந்திரத்தின் பின்பக்கத்துத் தகட்டிலோ கையேட்டிலோ நீர் அழுத்தம் எழுதியிருக்கும். மேடை டிஷ் வொஷர் பலவற்றில் அது 0.04 முதல் 1 மெகா பாஸ்கல் வரை, அதாவது 0.4 பார் முதல் 10 பார் வரை. தண்ணீர்த் தாங்கி குழாயைவிடப் பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் நிற்கும். நாலு மீற்றர் உயரமென்றால் 0.4 பார், அதாவது கையேடு கேட்கும் அடிமட்டம். மொட்டைமாடியில் தாங்கி, அதற்கு அடுத்த மாடியில் உங்கள் வீடு என்றால் தாங்கியின் அடிக்கும் உங்கள் குழாய்க்கும் நடுவே மூன்று மீற்றர்கூடத் தேறாது. குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வருவதாகத் தோன்றும். இயந்திரமோ தனக்குக் குறித்த நேரத்துக்குள் நிரம்பாததால் பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுவிடும். விற்ற கடையிலிருந்து ஆள் வந்து பார்த்து, இயந்திரத்தில் பழுதில்லை என்று சொல்லிப் போவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு வழிகள்: கட்டட நிர்வாகத்தின் அனுமதியோடு சிறிய பூஸ்டர் பம்பு, அல்லது பக்கத்தில் உள்ள தொட்டியில் கையால் தண்ணீர் ஊற்றி ஓட்டும் வகை இயந்திரம். ஒரு கழுவலுக்கு ஐந்து முதல் எட்டு லீட்டர் போதும் என்பதால் இரண்டாவது வழியும் மோசமில்லை. வாடகைக்கு இருப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

உயர்ந்த கட்டடத்தின் கீழ்மாடிகளில் நிலைமை நேர்மாறு. இருபது மாடிக்கு மேலே தாங்கி இருந்தால், இடையில் அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாதபோது, கீழே 6 பார் வரை நிற்கும். இயந்திரத்தின் மின்வால்வு சட்டென்று மூடும்போது பைப்பில் “டொக்” என்று அடிக்கும் சத்தம் கேட்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். நாளாக நாளாக மூட்டுகளைத் தளர்த்துவது அந்த அடிதான். கிளை வால்வை முழுதும் திறக்காமல் பாதி திறந்துவைத்தால் சத்தம் குறையும். குறையாவிட்டால் அழுத்தம் குறைக்கும் வால்வு பற்றிக் கட்டட நிர்வாகத்திடம் பேசவேண்டும்.

இனித் தண்ணீர். கொழும்பு நகரின் குழாய் நீர், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரிப்பதும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும். லபுகம 1880-களிலிருந்து இந்த நகருக்குத் தண்ணீர் தருகிறது. மூன்றும் மழை நீர். கரைந்த உப்பு குறைந்த மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரோடு வளர்ந்தவர்களுக்குக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை பழக்கம். கொழும்புக் குழாய் நீரில் அது அவ்வளவாக வராது. அதனால் டிஷ் வொஷரில் உப்பு அளவை அமைக்கும்போது மிகக் குறைந்த நிலையில் வையுங்கள்.

இதனாலேயே இன்னொன்றும் சொல்லவேண்டும். சபையின் குழாய் நீர் வரும் வீட்டுக்கு, சவ்வு வழியாக உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வடிகட்டி தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கடினநீரும் புளோரைட்டும் சிறுநீரக நோயும் பிரச்சினையான வட மத்திய மாகாணக் கிராமங்களில் ஆர்.ஓ. நிலையங்களுக்கு அர்த்தம் இருக்கிறது. இங்கே அது நல்ல தண்ணீரையே பிரித்து, குடிக்க ஒரு லீட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லீட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். மண்ணைப் பிடிக்கும் வடிகட்டி, பிறகு கரி, பிறகு புற ஊதா விளக்கு என்ற வரிசை போதும். கரி குளோரினை எடுத்துவிடுவதால் வடிகட்டிய தண்ணீரைப் போத்தலில் நாட்கணக்காக வைக்கக்கூடாது. கரண்ட் போனால் புற ஊதா விளக்கும் அணைந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர்ப் பானையை அடியோடு அகற்றிவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. கடலோரக் கட்டடத்தில் தாங்கிக்குள் குழாய்க்கிணற்று நீரோ பௌசர் நீரோ கலக்கிறதா என்று காவலாளியிடமாவது கேளுங்கள். கலப்பதானால் கரைந்த உப்பைக் காட்டும் சிறிய அளவுமானி ஒன்றை வாங்கி மழைக்காலத்தில் ஒரு முறையும் வரட்சியில் ஒரு முறையும் அளந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு வடிகட்டியைத் தீர்மானியுங்கள். வரட்சி நீளும்போது களனி கங்கையில் கடல் நீர் உள்ளேறும் தொல்லையும் உண்டு என்பதால் வரட்சி அளவு முக்கியம்.

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே இருக்கிறவர்கள் உலோகத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது. உப்புக் காற்று யன்னல் வழியாக வந்து குசினி முழுதும் படிகிறது. மேலே குரோமியம் பூசி உள்ளே துத்தநாகக் கலவையாக இருக்கும் மலிவுக் குழாய், கொஞ்ச நாளிலேயே புள்ளி புள்ளியாய்ப் பொரிந்துவிடும். கையில் எடுத்துப் பாருங்கள்: பித்தளை கனமாக இருக்கும். துருப்பிடியா உருக்கென்றால் 304 என்ற தரம் சாதாரணம். கடலோரத்துக்கு 316 நல்லது. ஹோஸின் மேலே பின்னியிருக்கும் உருக்குக் கம்பிக்கும் இதே விதிதான். அதோடு சிங்குக்குக் கீழே பிளீச் போத்தலையும் வைத்துவிட்டால் அந்த ஆவியில் கம்பிப் பின்னல் அறுந்து ஹோஸ் ஒரு நாள் வெடிக்கும். பிளீச்சுக்கு வேறிடம் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஹோஸை மாற்றிவிடுங்கள். குடிநீருக்குப் போகும் பித்தளையில் ஈயம் குறைவாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர்க் குழாயின் நனையும் பகுதியில் ஈயம் 0.25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எந்தக் குழாயானாலும் காலையில் முதல் தண்ணீரைக் குடிக்க எடுக்காமல் பாத்திரம் கழுவ விடுவது நல்ல பழக்கம்.

பூட்டும் வேலை ஒரு மணிநேரத்துக்குள் முடியும். வீட்டின் பிரதான வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். பிரதான வால்வு முழுதாக மூடவில்லை என்றால் அதோடு வேலையை நிறுத்திப் பிளம்பரைக் கூப்பிடவேண்டும். பழைய கட்டடங்களில் இது நடப்பதுதான். சுவர் மரையில் ஏறும் பகுதிக்கு வெள்ளை டேப்பை, மரையின் முனை உங்களைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் போகும் பக்கமாகப் பத்துச் சுற்றாவது இறுக்கிச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போதே அவிழ்ந்துவிடும். ஆனால் உள்ளே இறப்பர் வொஷர் இருக்கும் ஹோஸ் தலைக்கு டேப் வேண்டாம். அங்கே தண்ணீரைத் தடுப்பது வொஷர்தான். டேப் வொஷரைச் சரியாக உட்காரவிடாது. கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். குரோமியப் பூச்சின் மேல் பைப் ரெஞ்சைப் போடாதீர்கள். கால் இஞ்சி வெள்ளைக் குழாயைக் கத்தரியால் நசுக்கி வெட்டாமல் கூரிய பிளேடால் நேராக வெட்டி, இணைப்பின் அடிவரை அழுத்திவிட்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சுவருக்குள் ஓடுவது எஸ்-லோன் பி.வி.சி. பைப் என்றால் அந்தப் பக்கம் பலத்தைக் குறையுங்கள். உள்ளே மூட்டு வெடித்தால் ஓடு உடைக்காமல் சரிசெய்ய முடியாது.

கிளையில் ஒரு தடுப்பு வால்வும் வையுங்கள், தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடுவது. நீர்வெட்டு நேரத்தில் பைப்பில் அழுத்தம் விழும்போது, சாதனத்துக்குள் இருப்பது பின்னால் இழுபடக்கூடாது. அதே காரணத்துக்காக டிஷ் வொஷரின் கழிவு ஹோஸின் வாய் சிங்கில் தேங்கிய தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கக்கூடாது. மேடைக்கு மேலே ஒரு வளைவாக உயர்த்தி, சிங்கின் விளிம்பில் கொக்கியால் மாட்டி, வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இருக்கும்படி விடுங்கள்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: 13 அம்பியர் சுவர்ச் சொக்கற், ட்ரிப் சுவிட்ச் பாதுகாப்போடு, சிங்கிலிருந்து தெறிக்கும் தண்ணீர் எட்டாத இடத்தில். எக்ஸ்டென்ஷன் வயரில் கேத்திலையும் டிஷ் வொஷரையும் சேர்த்து ஓட்டக்கூடாது.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு மூட்டின் கீழும் காய்ந்த டிஷ்யூத் தாளை விரித்து, கிளை வால்வைத் திறந்து இரவு முழுதும் விடுங்கள். காலையில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் அந்த மூட்டைக் கழற்றி மறுபடி பூட்டவேண்டும், மேலும் இறுக்கிச் சமாளிக்கக்கூடாது. தொடர்மாடியில் உங்கள் கசிவு முதலில் தெரிவது கீழ்வீட்டாரின் சீலிங்கில்தான். வாடகை வீடென்றால் கழற்றிய பழைய வால்வை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விடும்போது திரும்பப் பூட்டிக்கொடுக்கலாம். உங்கள் வீட்டுக்கு வெளியே, பொதுப் பைப்பில் கைவைக்கவேண்டி வந்தால் கட்டட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும்.

சபை நீர்வெட்டை அறிவித்தால் (சந்தேகமென்றால் 1939-க்கு அழைத்துக் கேட்கலாம்) முதலில் கிளை வால்வை மூடிவிடுங்கள். தண்ணீர் திரும்பி வரும்போது காற்றும் கலங்கலும் சேர்ந்து வரும். அது வடிகட்டிக்குள் போனால் மண் வடிகட்டி ஒரே நாளில் பழுப்பாகிவிடும். டிஷ் வொஷரின் உள்வாயில் உள்ள சிறு சல்லடையும் அடைத்துக்கொள்ளும். குசினிக் குழாயை மட்டும் திறந்து தெளியும்வரை ஓடவிட்டு, அந்தத் தண்ணீரைப் பூச்செடிக்கோ தரை துடைக்கவோ பிடித்துவைத்து, பிறகு கிளையைத் திறக்கலாம். கிளைக்குத் தனிப் பிடி வேண்டும் என்று தொடக்கத்திலிருந்து வற்புறுத்துவது இதற்காகவும்தான்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிறவர்கள் கிளை வால்வையும் வீட்டின் பிரதான வால்வையும் இரண்டையுமே மூடிவிட்டுப் போகவேண்டும். வடிகட்டியில் தண்ணீர் தேங்கியிருந்திருக்கும். திரும்பி வந்ததும் அதன் கையேடு சொல்லும் அளவுக்கு ஓடவிட்டுக் கொட்டிய பிறகே குடிக்க எடுங்கள். பிரதான வால்வு எங்கே, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும், சமைக்க வரும் அக்காவுக்கும் சேர்த்து, ஒருமுறை கையால் திருப்பிக் காட்டிவிடுங்கள்.